ஒண்டுமில்ல சேர்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள். இதில் வருகிற பிள்ளையிடமும் அவனது உம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். அடையாளம் தெரியக்கூடிய விடயங்களை மாற்றியிருக்கிறோம். யாரென்று தேட வேண்டாம்.

அவன் தரம் 9 இல் நம் வகுப்புக்கு வந்தான். அந்த வருடம்தான் அவனது வாப்பா சவூதியில் மௌத்தானார். ஜனாஸாவை அங்கேயே அடக்கிவிட்டார்கள். செய்தி வந்த அன்று நாமும் வீட்டுக்குப் போயிருந்தோம். அந்தப் பிள்ளை பள்ளிவாசலில் இருந்து கதிரை கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தான். வந்தவர்களுக்குப் பிளேன்டீ கொடுத்தான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பெரியவர்கள் எல்லாம் தோளில் தட்டி, "ஆம்புளப் புள்ள, இனி நீதான் உம்மாவப் பாக்கணும்" என்று சொன்னார்கள். நாமும் தட்டினோம், நாமும் அதையே சொன்னோம். அழாத பிள்ளையைப் பார்த்து ஊரே பெருமைப்பட்டது.

பத்து நாள் கழித்துப் பாடசாலைக்கு வந்தவன் கடைசி வாங்கில் படுத்துக் கிடந்தான். "என்னடா செய்யுது?" என்று கேட்டோம்.

"ஒண்டுமில்ல சேர்."

அடுத்த கிழமையும் கேட்டோம். அதே பதில். மூன்றாவது தடவைக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டு ஏசத் தொடங்கினோம். சோம்பேறி, பொறுப்பில்லாதவன், உம்மாவின் கஷ்டம் தெரியாதவன். ஓ.எல் பரீட்சைக்கு அவன் வரவே இல்லை.

அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரிந்த கதைதான். இவனுடையது மட்டுமல்ல, எத்தனையோ வீட்டில் நடக்கிற கதை. முதலில் குளிசை. பிறகு ஐஸ். பிறகு ஒரு கடையின் லாச்சி உடைக்கப்பட்டது. சீசீடீவி காட்சி வட்ஸ்அப் குழுமங்களில் ஓடியது. "பெற்றோர்களே கவனம்" என்று தலைப்புப் போட்டுப் பகிர்ந்தவர்களில் நாமும் இருந்தோம். படிப்பித்த வாத்திமார் நாம். முகத்தை மறைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இரண்டு கிழமைக்குள் அவனது ராத்தாவுக்குப் பேசியிருந்த கலியாணம் நின்றுபோனது.

புனர்வாழ்வு முடிந்து அவன் ஊருக்கு வந்து கிட்டத்தட்ட ஆறு மாதம். ஒரு வெல்டிங் கடையில் வேலை. சில நாள் அஸருக்குப் பிறகு கடற்கரையில் நம்மோடு உட்கார்ந்து பேசுவான். முதல் ஒரு மாதம் பேசவே இல்லை, மணலைக் கிண்டிக்கொண்டிருப்பான். கலாசாலையில் படிக்கும்போது "மனவெழுச்சி" என்ற பாடத்தை வரைவிலக்கணத்தோடு பாடமாக்கிப் பரீட்சையில் எழுதினோம், நல்ல புள்ளியும் வந்தது. அந்தப் பாடம் என்னவென்று இந்தக் கடற்கரையில்தான் விளங்கத் தொடங்கியது. விளங்கியதை எழுதுகிறோம். வைத்தியர்களும் உளவளத்துணையாளர்களும் இருக்கிறீர்கள், பிழை இருந்தால் திருத்துங்கள்.

1970களில் பீற்றர் சிஃப்னியோஸ் என்ற மனநல வைத்தியர் ஒரு நிலைக்குப் பெயர் வைத்தார்: அலெக்ஸிதைமியா. கிரேக்கச் சொற்களில் இருந்து எடுத்தது. உணர்வுக்குச் சொல் இல்லாமை என்பது அதன் கருத்து. இப்படிப்பட்டவருக்கு உள்ளே ஏதோ நடக்கிறது, ஆனால் அது கோபமா, துக்கமா, பயமா என்று பிரித்துச் சொல்ல வராது. நெஞ்சு அடைக்கிறது, தலை பாரமாக இருக்கிறது என்று உடம்பைத்தான் சொல்வார்கள். அல்லது "ஒண்டுமில்ல" என்பார்கள். போதைக்கு அடிமையானவர்களிடம் இந்த நிலை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் பிள்ளை பொய் சொல்லவில்லை. அவனிடம் சொல் இருக்கவில்லை. இருந்த ஒரே வழியையும், அழுகையை, நாம் எல்லோரும் சேர்ந்து தோளில் தட்டியே அடைத்துவிட்டோம்.

அவன் ஒருநாள் சொன்னான்: "குளிசை போட்டா வாப்பாட நினைப்பு வராது சேர். நெஞ்சுக்குள்ள இருக்கிற சத்தம் நிண்டிரும். ஐஸ் அடிச்சா நாலு பேரோட நிமிந்து பேசலாம்." 1985 இல் எட்வர்ட் கன்ட்ஸியன் என்ற அமெரிக்க மனநல வைத்தியர் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான். பலர் இன்பம் தேடிப் போதைக்குப் போவதில்லை, தாங்க முடியாத ஓர் உணர்வுக்குத் தாங்களே மருந்து போட்டுக்கொள்கிறார்கள் என்பது அவரது கருத்து. எந்த உணர்வு வருத்துகிறதோ அதற்கேற்ற பொருளிடம் போய் நிற்கிறார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. கூட்டாளிமாரோடு சும்மா விளையாட்டாகத் தொடங்கி மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளை எதை எடுக்கிறது என்று தேடும் நாம், அது எந்த வலிக்கு எடுக்கிறது என்று கேட்பதே இல்லை.

"இவ்வளவு அழிவைப் பார்த்தும் இன்னும் அதிலே என்ன ருசி?" என்று உம்மாமார் கேட்கிறார்கள். ருசி போய்விட்டது என்பதுதான் கொடுமை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரொபின்சன், பெரிட்ஜ் என்ற இருவர் 1993 இல் இதை விளக்கினார்கள். ஒன்றை ரசிப்பதும் அதை வேண்டித் தவிப்பதும் மூளையில் ஒன்றல்ல. போதைப் பழக்கம் முற்ற முற்ற ரசனை குறையும், தவிப்போ ஏறிக்கொண்டே போகும். பழைய கூட்டாளியின் மோட்டார் சைக்கிள் சத்தம், அந்தக் குறிப்பிட்ட ஒழுங்கை, கையில் சம்பளக் காசு, எது வேண்டுமானாலும் அந்தத் தவிப்பைத் தட்டி எழுப்பும். நம் பிள்ளை இன்றும் சம்பள நாளில் காசைக் கையில் வாங்குவதில்லை. உம்மாவிடம் கொடுக்கும்படி முதலாளியிடம் சொல்லியிருக்கிறான். அதை நாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானே கண்டுபிடித்தான்.

ஐஸ் பற்றி வீட்டில் உள்ளவர்கள் அவசியம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. எடுத்திருக்கும்போது நாள்கணக்காகத் தூக்கம் வராது, பசிக்காது, வாய் ஓயாது. இறங்கும்போது நாள்முழுக்கத் தூக்கம், அகோரப் பசி, எரிச்சல், உயிரோடு இருந்து என்ன என்ற வெறுமை. அந்த நேரத்தில் பிள்ளையை எழுப்பி வைத்து விசாரணை நடத்தாதீர்கள். சாப்பாடு கொடுங்கள், தூங்க விடுங்கள். உபதேசம் அடுத்த நாளைக்கும் இருக்கும். ஆனால் யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள், குரல் கேட்கிறது என்று சொன்னாலோ, செத்துப்போகிறேன் என்று சொன்னாலோ காத்திருக்கக் கூடாது. ஜின் பிடித்துவிட்டது என்று ஊர் ஊராக ஓதிப் பார்க்கக் கொண்டு திரிவதற்கு முன் வைத்தியசாலைக்குப் போங்கள். ஓதுவதை வேண்டாம் என்று சொல்லவில்லை. வைத்தியசாலைக் கட்டிலின் பக்கத்தில் இருந்தும் ஓதலாம்.

"ஆறு மாசம் ஆகுது, இன்னும் மூஞ்ச தூக்கி வச்சிருக்கான், சிரிக்கவும் மாட்டான்" என்று அவனது உம்மா நம்மிடம் கவலைப்பட்டார். நோரா வொல்கோ என்ற மூளை ஆய்வாளரின் குழு 2001 இல் வெளியிட்ட ஓர் ஆய்வை அவருக்கு விளங்கும்படி சொன்னோம். ஐஸ் பாவித்தவர்களின் மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தைக் கையாளும் பகுதி பழுதுபட்டிருந்தது. ஒரு வருடம், அதற்கும் மேல் முழுமையாக விலகியிருந்த பிறகு அதில் கணிசமான பகுதி மீண்டிருந்தது. நம் ஊரோ புனர்வாழ்வில் இருந்து வந்த மறுநாளே பிள்ளை சிரிக்கவேண்டும், முதல் சஃப்பில் நிற்கவேண்டும், எல்லோருக்கும் ஸலாம் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அவனுக்கு நிலாவும் கடலும் பிரியாணியும் எல்லாம் வெறும் சாம்பல் நிறத்தில் தெரிகிற காலம் இது. உம்மா கேட்டுவிட்டு, "அப்ப கை முறிஞ்சவன் மாதிரித்தானா?" என்றார். நம் விளக்கத்தைவிட அது நல்ல விளக்கம்.

இனி நம்முடைய பங்குக்கு வருகிறோம்.

குற்ற உணர்வும் அவமானமும் ஒன்றல்ல என்று உளவியலில் பிரித்துப் பார்க்கிறார்கள். ஜூன் டாங்னி என்பவர் இதில் நிறைய ஆய்வு செய்தவர். "நான் செய்தது பிழை" என்பது குற்ற உணர்வு. அது மனிதனை மன்னிப்புக் கேட்கவும் திருத்திக்கொள்ளவும் கொண்டுபோகும். "நானே ஒரு பிழை" என்பது அவமானம். அது ஒளிந்துகொள்ளச் சொல்லும். ஒளிந்துகொள்ள அவனுக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். நாம் பகிர்ந்த அந்தக் காட்சி அவனிடம் எதை உண்டாக்கியது? அவனே சொன்னான், அந்த வீடியோவைத் தன் போனில் பார்த்த அன்றிரவுதான் அதுவரை எடுக்காத அளவுக்கு எடுத்தானாம். அவனைத் திருத்தப் பகிர்ந்தோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

களவை நியாயப்படுத்தவில்லை. கடைக்காரருக்கு நட்டம் நட்டம்தான், அதை அவன் மாதாமாதம் கட்டி வருகிறான். விற்பவர்களைப் பற்றியும் இங்கே பேசவில்லை. 2022 இல் திருத்தப்பட்ட சட்டப்படி 5 கிராம் ஐஸ் வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம், அது நீதிமன்றத்தின் வேலை. நம் வேலை வேறு. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஒரு ஸஹாபி திரும்பத் திரும்ப மது அருந்திவிட்டுக் கொண்டுவரப்பட்டதும், தண்டனை கொடுக்கப்பட்டதும், சபையில் ஒருவர் அவரைச் சபித்தபோது நபியவர்கள் அதைத் தடுத்ததும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அவர் அல்லாஹ்வையும் தூதரையும் நேசிப்பவர் என்பதே நபியவர்கள் சொன்ன காரணம். தண்டனை உண்டு, சாபம் இல்லை. இந்தச் சம்பவத்தை நாம் எத்தனை குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். வட்ஸ்அப்பைத் திறந்ததும் மறந்துபோகிறது.

போன தவணையில் தரம் 9 பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தோம். தெரிந்த உணர்வுகளின் பெயர்களை எழுதுங்கள் என்றோம். ஆண் பிள்ளைகளில் அநேகர் நாலுக்கு மேல் போகவில்லை: சந்தோசம், கவலை, கோபம், பயம். "வீட்டில் உம்மம்மா என்னென்ன சொல்வார்?" என்று கேட்டதும் வகுப்பே சிரிப்போடு கொட்டத் தொடங்கியது. அந்தரம், வெப்பியாரம், அரியண்டம், ஏக்கம், புழுக்கம், அலுப்பு, கடுப்பு. கரும்பலகை நிறைந்துவிட்டது. இவ்வளவு சொல்லும் நம் வீட்டுக் கிழவிகளிடம் இருக்கிறது, பேரப்பிள்ளைகளிடம் வந்து சேரவில்லை. உணர்வுக்குப் பெயர் சொல்லும்போது மூளையில் பயத்தோடும் கொதிப்போடும் தொடர்புடைய பகுதியின் வேகம் குறைவதை மத்தியூ லீபர்மன் குழுவினர் 2007 இல் ஸ்கேன் செய்து காட்டினார்கள். ஆசிரியர்களே, பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் பத்து நிமிடம் செலவழியுங்கள்.

மீண்டும் வழுக்கி விழுவதைப் பற்றி ஆராய்ந்த அலன் மார்லட், அதற்கு முந்திய நேரங்களைப் பார்த்தார். கவலை, கோபம், தனிமை போன்ற வலிக்கும் உணர்வுகள், வீட்டுச் சண்டை, பழைய கூட்டாளிமாரின் அழுத்தம் இவைதான் பெரும்பாலும் முன்னால் நின்றன. ஒரு தடவை விழுந்தவன் "இனி என்ன, எல்லாம் போச்சு" என்று முழுவதுமாகக் கையை விடுவதும் உணர்வால்தான். அந்த நேரத்தில் வீட்டார் வாயில் இருந்து வரும் முதல் வசனம் முக்கியம்.

ஏன் இதை இன்று எழுதுகிறோம் என்றால், போன வியாழக்கிழமை ஊரில் ஒரு கடையில் போன் காணாமல் போனது. இஷாவுக்கு முன் நம் மஹல்லாக் குழுமத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. அவனது வாப்பாவின் பெயரைச் சொல்லி, "இன்னாரின் மகன்தான், வேற யாரு" என்று. மறுநாள் காலை அந்தப் போன் கடைக்காரரின் மகனுடைய பையிலேயே இருந்தது. அதையும் ஒருவர் குழுமத்தில் சொன்னார், சிரிக்கும் படம் போட்டு.

அந்த இரவு பதினொரு மணிபோல நம் கேற்றில் தட்டிய சத்தம். அவன்தான். வியர்த்து ஊற்றுகிறது, கை நடுங்குகிறது. சைக்கிளில் ஒழுங்கை முனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறான். எந்த ஒழுங்கை என்று கேட்கத் தேவையில்லை.

"என்னடா செய்யுது?"

கொஞ்ச நேரம் நின்றான். "அந்தரமா இரிக்கி சேர். வாப்பாட பேரச் சொல்லிட்டாங்க" என்றான். பிறகு அழுதான். ஐந்து வருடத்துக்கு முன் அழவேண்டியதையும் சேர்த்து அழுதான் என்றே நினைக்கிறோம். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, ஸுபஹ் பாங்கு சொல்லும்வரை விறாந்தையில் இருந்தோம். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. தொழுதுவிட்டு வேலைக்குப் போனான்.

வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைக்கலாம். உயிரை மாய்ப்பதைப் பற்றிப் பேசினால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926. நம்மிடம் பேச விரும்பினால் இன்பொக்ஸில் வாருங்கள், பெயர் வெளியே போகாது.

இன்னொன்று. அந்தக் குரல் பதிவு இன்னும் குழுமத்தில் அப்படியே இருக்கிறது. போட்டவர் இந்தப் பதிவை வாசிப்பார் என்று நமக்குத் தெரியும். நாம் பகிர்ந்த பழைய வீடியோவை நேற்றுத்தான் தேடி அழித்தோம், அவனது உம்மாவிடம் போய் மன்னிப்பும் கேட்டோம். நீங்களும் உங்கள் போனில் இருப்பதை இன்று மஃரிபுக்கு முன் அழித்துவிடுங்கள்.