அச்சாகாமலே தீரும் மை



புகைப்படத் தாள் கட்டில் பாதி பிரிக்கப்படாமல் இருக்கும். அச்சுப்பொறியோ நீல மை தீர்ந்துவிட்டது என்று அறிவிக்கும். வீட்டில் பிரிண்டர் வைத்திருக்கும் பலருக்கு இது பழகிய அனுபவம். அச்சிட்ட படங்கள் சில. தீர்ந்த மைப்பெட்டிகள் பல. எடுத்துச் செலவழிக்காத பொருள் எப்படித் தீரும்?

எங்கள் வீட்டில் இது வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக நிற்கவில்லை. சவூதியில் பணிபுரியும் என் தம்பி, இரு பெருநாட்களிலும் பிள்ளைகளின் படங்களை அலைபேசியில் அனுப்புவான். உம்மாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது; ஒளிரும் திரையைப் பார்த்தால் கண் கூசுகிறது. தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்தால் சன்னலோரம் அமர்ந்து நெடுநேரம் பார்ப்பார்கள். படங்களைச் சுவரில் மாட்டுவதில்லை. ஆல்பத்தில் வைத்து அலமாரியில் மூடிவிடுவோம். ஓராண்டுக்கு முப்பது, நாற்பது படங்கள். அதற்கே இரண்டு முறை மைப்பெட்டிகள் மாற்ற நேர்ந்தது. விலையைக் கேட்ட உம்மா, “என் ஆசைக்காகத் தம்பியின் உழைப்பு வீண்விரயம் ஆகவேண்டாம். இனி எனக்குப் படமே வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சொல் என்னை வருத்தியது. மை எங்கே போகிறது என்று அறிய முனைந்தேன்.

இன்க்ஜெட் அச்சுப்பொறியின் அச்சுத்தலையில் தலைமுடியைவிட நுண்ணிய துளைகள் உண்டு. மை அவற்றின் வாயிலேயே உலர்ந்தால் துளை அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க, நீண்ட நாள் கழித்து இயக்கும்போதும், புதிய மைப்பெட்டி பொருத்தும்போதும் பொறி தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது. அவ்வாறு கழுவிய மை உள்ளே இருக்கும் உறிஞ்சு பஞ்சில் போய்ச் சேர்கிறது. பெரும்பாலும் எல்லா வண்ணங்களும் ஒருசேரக் கழுவப்படுவதால், தொடாத வண்ணமும் குறைகிறது. கறுப்பு வெள்ளைப் படத்திற்கும் பல பொறிகள் வண்ண மைகளைக் கலந்தே அச்சிடுகின்றன. மேலும், அச்சுத்தலைக்குள் காற்று புகாதிருக்க, சிறிதளவு மை எஞ்சியிருக்கும்போதே “தீர்ந்தது” என்று அறிவிக்கும் பொறிகளும் உண்டு. ஆக, குறைவாகப் பயன்படுத்துவதாலேயே அதிகமாக வீணாகும் பொருள் இது.

இங்கேதான் மார்க்கம் கற்றுத்தரும் அளவுகோல் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் பதிவாகியுள்ளது. ‘முத்’ என்பது நடுத்தரமான இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு. வணக்கத்திற்கான நீரிலேயே இவ்வளவு அளவு பேணப்பட்டது. ஆனால், நீர் செலவாகிறதே என்று உளூவை விட்டுவிடும்படி யாரும் சொல்லவில்லை. செய்யும் நற்செயல் நிற்க வேண்டும். அதைச் செய்யும் முறையில் உள்ள விரயம்தான் நீங்க வேண்டும். பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து ஒரு தாய் மகிழ்வது வீண்விரயம் அன்று; பஞ்சில் போய்ச் சேரும் மையே விரயம். இதை உம்மாவிடம் எடுத்துச் சொன்னபோது, சற்று யோசித்து, “அப்படியானால் வேறு வழி பார்” என்றார்கள்.

வழிகள் இருக்கின்றன. பிரிண்டர் வைத்திருப்போர் வாரம் ஒருமுறையோ, இரு வாரங்களுக்கு ஒருமுறையோ எல்லா வண்ணங்களும் கலந்த ஒரு பக்கத்தை அச்சிடலாம். பிள்ளைகள் மனனம் செய்யும் துஆக்களாகவே அது இருக்கட்டும். சுவர் சுவிட்சை அணைக்காமல், பொறியின் பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும். அப்போதுதான் அச்சுத்தலை தன் மூடியில் போய் அமரும், மை உலராது. கோடு விழுந்தால் உடனே கழுவும் கட்டளையைக் கொடுக்காமல், முதலில் துளைச் சோதனைப் பக்கத்தை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். மைப்பெட்டியின் மேலுள்ள தேதியைப் பார்த்து, தேவைக்கு மட்டும் வாங்க வேண்டும்; பொருத்தும் நாள்வரை உறையைப் பிரிக்கலாகாது. வெப்பத்தால் சாயத்தைத் தாளில் ஏற்றும் சிறு புகைப்பட அச்சுப்பொறிகளில் நீர்ம மை இல்லை. எனவே உலர்ந்து அடைக்கும் தொல்லையும் இல்லை. எங்களைப் போல ஆண்டுக்குச் சில படங்களே வேண்டுவோருக்கு, அவற்றைச் சேர்த்துவைத்து ஊர் ஸ்டுடியோவில் அச்சிட்டுக்கொள்வதே சிக்கனம். நாங்கள் அதையே தேர்ந்தோம்.

அப்போது இன்னொரு பொறுப்பு வந்தது. எங்கள் பிரிண்டரை விலைக்குக் கேட்டு, பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் வந்தார். திரையில் மை பாதிக்கு மேல் இருப்பதாகவே காட்டியது. ஆனால், நீல வண்ணத் துளைகளில் சில அடைபட்டிருந்தன. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் உண்டு என்பது நபிமொழி நமக்குத் தரும் பாடம். சோதனைப் பக்கத்தை அவர் கண்முன்னே அச்சிட்டு, விடுபட்ட கோடுகளைக் காட்டினேன். பேசிய விலையில் கணிசமாகக் குறைத்தே எடுத்துச்சென்றார். உம்மாவின் முகத்தில் வருத்தமில்லை. “குறைந்தது பணம்தானே” என்றார்கள்.

நம் வீடுகளில் இப்படி ஓசையின்றித் தீர்ந்துபோகும் பொருள்கள் இன்னும் எத்தனையோ: பார்க்காத சேனல்களுக்கான சந்தா, காலாவதியாகும் மருந்து, குளிர்பெட்டியின் மூலையில் கெட்டுப்போகும் சாலன். விலை மலிவா, உயர்வா என்று மட்டும் பாராமல், வாங்கியதில் எவ்வளவு உரிய பயனைச் சென்றடைந்தது என்றும் கேட்டுப் பார்ப்போம்.

அல்லாஹ் நமக்கு அளித்த பொருளில் அளவு பேணி, பெற்றோரின் மனம் குளிரச் செய்யும் நற்பேற்றை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.