ஜவளகிரியில் ஒரு கைகர் குழாய்

கதிர்வீச்சை எண்ண மலிவாகக் கிடைக்கும் கைகர் போர்டில் மூன்று பின் இருக்கும்: 5வி, கிரவுண்ட், விஐஎன். பெயரை வைத்துப் பார்த்தால் விஐஎன் என்பது சப்ளை கொடுக்கும் இடம் என்றே தோன்றும். ஆனால் பல்ஸ் வெளியே வருவது அதில்தான். ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் பராமரிப்பு வேலை பார்ப்பவன் நான். இந்த போர்டை வாங்கி வரும் பையன்களிடம் முதலில் சொல்வது இதைத்தான். அடுத்து, பல்ஸை எண்ணும் சிறு கணினியான ராஸ்பெரி பையின் பின் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அதனால் 10 கே, 20 கே ரெசிஸ்டர் இரண்டைப் போட்டு 5 வோல்ட்டைப் பிரித்த பிறகே பையைத் தொட வேண்டும்.

1928இல் ஹான்ஸ் கைகரும் வால்தர் முல்லரும் உருவாக்கிய குழாயின் தத்துவம் இன்றும் மாறவில்லை. குறைந்த அழுத்தத்தில் வாயு, நடுவில் ஒரு கம்பி, சுமார் 400 வோல்ட். கதிர் உள்ளே புகுந்து ஓர் எலக்ட்ரானை உதிர்த்துவிட்டால் போதும், அது பெருகிப் பெருகிக் கம்பியை நோக்கிப் பாயும். வந்த கதிர் எவ்வளவு வலுவானது என்று குழாய்க்குத் தெரியாது. வந்தது என்று மட்டும் சொல்லும்.

அதனால்தான் எண்ணுவதில் கறாராக இருக்க வேண்டும். நிமிடக் கணக்கை மட்டும் சேமித்தால் போதாது. ஒவ்வொரு பல்ஸும் வந்த நேரத்தை இன்டரப்ட் வைத்து எழுதச் செய்ய வேண்டும். என் குழாய் இருக்கும் ஜவளகிரியில் தோட்டத்துக்குத் தோட்டம் போர் மோட்டார் ஓடுகிறது. ஸ்டார்ட்டர் விழும் நேரத்தில் ஒயரில் ஏறும் இரைச்சலும் பல்ஸ் மாதிரியே பதிவாகும். ஆனால் அது ஒரே நொடியில் கொத்தாக வரும். உண்மையான கதிர் அப்படி வராது. நேரம் கையில் இருந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

இன்னொன்று பொறுமை. நிமிடத்துக்கு 25 எண்ணிக்கை என்றால் அதில் 5 கூடவோ குறையவோ இருப்பது இயல்பு. ஒரு மணி நேரம் எண்ணினால் 1500. ஏற்ற இறக்கம் 39தான். கிருஷ்ணகிரி மாவட்டத்து இளஞ்சிவப்புக் கிரானைட் துண்டைக் குழாயின் அருகே வைத்தால் அதன் பொட்டாசியமும் யுரேனியம், தோரியத் தடங்களும் எண்ணிக்கையில் தெரியும். ஆனால் ராத்திரி முழுக்க விட வேண்டும். உரக்கடைப் பொட்டாஷ் அதைவிட எளிது, பொட்டலத்தை ஒட்டி வைத்த கொஞ்ச நேரத்திலேயே காட்டிவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “சார், அப்போ மூட்டைய வீட்ல வைக்கலாமா?” என்று கேட்டார். “தாராளமா வைங்கண்ணா, இது மண்ணுலயும் நம்ம உடம்புலயும் இருக்கிற பொட்டாசியம்தான்” என்றேன்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில், பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற கருவியைப் பிரித்தபோது கதிர்வீசும் கோபால்ட்-60 வெளிப்பட்டு ஒருவர் இறந்தார். அங்கே ஒரு சாதாரணக் கைகர் குழாய் இருந்திருந்தாலும் கத்தியிருக்கும். ஓசூர் போன்ற தொழில் ஊரில் பழைய இரும்பு எடுக்கும் ஒவ்வொரு கடையிலும் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

எனக்கு மிகவும் பிடித்தது மழைக் கணக்கு. நல்ல மழை காற்றிலுள்ள ரேடானின் வழித்தோன்றல்களான ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டையும் தரைக்கு இறக்கிவிடும். மழை விட்டதும் வண்டி சீட்டை டிஷ்யூவால் துடைத்துக் குழாய்மேல் போட்டால் எண்ணிக்கை ஏறும், சுமார் அரை மணி நேரத்தில் கூடுதலில் பாதி இறங்கிவிடும். இந்தச் சரிவை கிராப்பில் சரியாகப் பிடிக்க நேரம் துல்லியமாக வேண்டும். பை 4 வரையிலான மாடல்களில் சொந்தக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், நெட் கிடைக்கும்வரை பழைய நேரத்திலிருந்தே ஓடும். மழை என்றாலே கரண்ட் போகிற ஊரில் டிஎஸ்3231 கடிகார மாட்யூலும் ஒரு காயின் பேட்டரியும் சேர்க்காமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.