சில்வர் காரும் உப்புக் காத்தும்

தூத்துக்குடிக்குக் காரில் போனால் ஊருக்கு முன்னால் உப்புதான் வரவேற்கும். ரோட்டோரம் வெள்ளை வெளேரென்று அம்பாரம் அம்பாரமாக உப்பு. "ஆஹா, காஷ்மீர் மாதிரி இருக்குங்க!" என்றாள் மனைவி. காருக்கு அது காஷ்மீர் இல்லை என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

கார் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். செகண்ட் ஹேண்ட். ஆனால் மெட்டாலிக் சில்வர்! அந்தக் கலருக்காகவே மூன்று வருஷத் தவணையைத் தலையில் கட்டிக்கொண்டேன். ஆடிக் காற்றில் துறைமுகம் பக்கம் ஒரு ராத்திரி நிறுத்தியிருந்தேன். விடிந்து பார்த்தால் உப்புப் பிசுபிசுப்பு, அதன்மேல் மண்ணும் கரித்தூளும். துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிற ஊராயிற்றே!

நான் பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும், பெயிண்ட் தெரியாது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்தேன். வெயில் ஏறியதும் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல்.

டிங்கரிங் ஷாப் அண்ணாச்சி குனிந்து பார்த்தார்.

"துடைச்சது யாரு தம்பி?"

"நான்தான் அண்ணாச்சி."

"சரி, அப்ப யாரையும் ஏச முடியாது."

அவர் சொன்னதன் சாரம் இது. மெட்டாலிக் பெயிண்டில் மினுமினுப்பது அடியில் இருக்கும் அலுமினியத் துகள். அதன்மேல் நிறமில்லாத கிளியர் கோட். அதன் கனம் தலைமுடி அளவுகூட இருக்காது. கீறல் விழுந்தது அதில்தான். பாலிஷ் போடுவது என்றால் கீறலைச் சுற்றி இருக்கும் கோட்டையும் சேர்த்துச் சீவுவது. முதலுக்கே கை வைக்கிற செலவு என்று எனக்குப் பட்டது.

"பளபளன்னு ஆக்கிடுங்க அண்ணாச்சி, ஒரு கீறல் இருக்கக் கூடாது."

"அந்தக் காலத்து முத்து வியாபாரிங்க மங்கின முத்தோட மேல்தோலை உரிச்சுப் பாப்பாங்க. அடியில நல்ல தோல் இருந்தாலும் இருக்கும். காருக்கு இருக்கறதே ஒரு தோல்தான் தம்பி."

(இங்கே கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961-ல். 1973-ல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இதே ஊரில் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டியது. 'பேர்ல் ஒயிட்' கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் முத்து கிடையாது, மைக்காதான்!)

காரை நிழலில் விட்டு, பாடி சூடு தணிந்ததும் தண்ணீரைப் பாய்ச்சி உப்பையும் மண்ணையும் ஓடவிட்டார். அப்புறம் ரெண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணி அலசச் சுத்தத் தண்ணீர். ஒட்டிக்கொண்ட பொடியைக் களிமண் போன்ற ஒரு கட்டியை வழுக்க வழுக்கத் தடவி எடுத்தார். கதவு ஓரங்களில் கோட் மெலிசாக இருக்குமாம். அங்கே மாஸ்கிங் டேப். ரப்பிங் காம்பவுண்டைத் தொடவே இல்லை. மெல்லிய பாலிஷை ஒரு மூலையில், உள்ளங்கை அகலத்துக்குப் போட்டுத் துணியைப் பார்த்தார்.

"துணியில வெள்ளிக் கலர் ஏறுனா கிளியர் கோட் இல்லைன்னு அர்த்தம். நிறுத்திப்புடணும்."

ஏறவில்லை. எனக்கு மூச்சு வந்தது. மிஷினை ஓரிடத்தில் நிற்கவிடாமல் ஓட்டினார். நின்றால் சூட்டில் கோட் வெந்துவிடும். கடைசியில் வாக்ஸ்.

நகத்தில் தட்டுப்பட்ட ரெண்டு கீறலை மட்டும் தொட மறுத்துவிட்டார். நான் கெஞ்சியும் பார்த்தேன், கூடுதல் காசும் சொன்னேன். ஊஹூம்.

ஊர் திரும்பும்போது டிக்கியில் ஒரு கிலோ மக்ரூன், ரெண்டு பிளாஸ்டிக் வாளி. "வாளி எதுக்கு?" என்று மனைவி கேட்டாள். துண்டு விஷயத்தை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.