தியெங் மலையில் கொதிக்கும் சேறு



இந்தோனேஷியாவின் மத்திய ஜாவாவில் தியெங் என்றொரு பீடபூமி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீற்றர் உயரம். குளிரையும் மூடுபனியையும் உருளைக்கிழங்குத் தோட்டங்களையும் பார்த்தால் நமது நுவரெலியாதான் நினைவுக்கு வரும். நண்பர் ஒருவரின் அழைப்பில் ஜாவா சென்றிருந்தபோது, அங்குள்ள சிகிடாங் என்னும் இடத்தைக் கண்டு வந்தேன்.

தூரத்திலேயே அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது. அது கந்தகம் கலந்த வாயுவின் வாடை. வெளிறிய தரையில் ஆங்காங்கே துவாரங்கள். அவற்றினூடாக ஆவி சீறிக்கொண்டு வருகிறது. வேலியிட்ட பெரிய குழியொன்றில் சாம்பல் நிறச் சேறு கொதிக்கிறது. நோன்புக் காலத்தில் கிடாரத்துக் கஞ்சி இறுகி வரும்போது குமிழ் வெடித்துத் தெறிக்குமல்லவா? அதே காட்சிதான்! அந்தச் சூட்டிலேயே முட்டை அவித்து விற்கிறார்கள்.

இதற்கு அடுப்பு எங்கே என்கிறீர்களா? நிலத்தினுள் இறங்கும் மழைநீர், எரிமலைச் சூட்டினால் ஆவியாகி மேலே திரும்புகிறது. உடன் வரும் அமில வாயுக்கள் பாறையை அரித்துக் களியாக்குகின்றன. நீர் குறைந்த இடத்தில் அது சேறாகக் கொதிக்கிறது. ஜாவா மொழியில் 'கிடாங்' என்றால் மான். கொதிக்கும் குழி மானைப் போல இடம் மாறித் தோன்றுவதால் இந்தப் பெயராம்.

நான் அஞ்சியது சேற்றுக்கு. ஆனால் அங்குள்ளவர்கள் அஞ்சுவது வேறொன்றுக்கு. 1979 பெப்ரவரி 20 அதிகாலை, இதே பீடபூமியின் சினிலா என்னும் எரிமலை வாய் வெடித்தது. கிராமத்தவர்கள் பிள்ளைகளோடு உயிர்தப்ப ஓடினார்கள். ஓடிய வழியில் நிலவெடிப்புகளிலிருந்து காபனீரொட்சைட்டு வாயு கசிந்து நிறைந்திருந்தது. 140க்கும் மேற்பட்டோர் மூச்சடைத்து இறந்தனர். அந்த வாயுவுக்கு நிறமுமில்லை, வாடையுமில்லை. காற்றைவிடக் கனமானது, பள்ளங்களில் தேங்கி நிற்கும்.

அந்தப் பாடம் வீண்போகவில்லை. 2011இல் திம்பாங் என்னும் வாயில் வாயு அதிகரித்தபோது, அருகிலிருந்த மக்களை வேறிடங்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சிகிடாங்கில் ஒரு தாய் தன் சிறு மகனை இறங்கவே விடாமல் இடுப்பில் வைத்திருந்தார். அவன் எவ்வளவு அழுதும் அவர் அசையவில்லை. சினிலாவின் கதையைக் கேட்ட பின்னர்தான் எனக்கு அதன் அருமை புரிந்தது.

சகோதரிகளே, இத்தகைய இடங்களுக்குப் போக நேர்ந்தால் போட்டிருக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். பள்ளங்களில் பிள்ளைகளை இறக்கி விளையாட விடாதீர்கள். தரையோடு தேங்கும் வாயு முதலில் எட்டுவது அவர்களின் சின்ன மூக்கைத்தான்.