எண்பது சதவீதத்துக்குப் பிறகு

மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சியில், கோடை வெயிலில் ராஜகிரிக் குன்றில் ஏறி இறங்குவோரின் கைப்பேசிகள், ஓயாமல் படம் எடுத்ததாலும் கருங்கல்லின் வெக்கையாலும் கொதித்துப்போய், சார்ஜரில் செருகியபின் வழக்கத்தைவிட மெதுவாகவே மின்னேறுகின்றன. பலரும் சார்ஜரையே குறைகூறுவர். ஆனால் சார்ஜரின் வேலை, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 5 அல்லது 9 வோல்ட் அளவிலான நேர்மின்னோட்டமாக்கித் தருவதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எவ்வளவு மின்சாரம் மின்கலத்துக்குள் போகலாம் என்பதைக் கைப்பேசிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லே தீர்மானிக்கிறது. மின்கலத்தின் வெப்பம் 45 பாகை செல்சியசை நெருங்கினால் அது மின்னோட்டத்தைக் குறைத்துவிடும், சில வேளைகளில் நிறுத்தியும்விடும்.

வெப்பம் இல்லாதபோதும் எண்பது சதவீதம் விரைந்து ஏறி, எஞ்சிய இருபது இழுத்தடிப்பதற்குக் காரணம் வேறு. சில்லு முதலில் மின்னோட்டத்தைச் சீராகச் செலுத்துகிறது. மின்கலத்தின் மின்னழுத்தம் குறித்த எல்லையைத் தொட்டதும், அந்த அழுத்தத்தை அப்படியே நிலைநிறுத்தி, மின்னோட்டத்தைச் சிறுகச் சிறுகக் குறைக்கிறது. நெடுங்காலம் 4.2 வோல்டாக இருந்த, இன்றைய கைப்பேசிகளில் சற்றே உயர்ந்துள்ள அந்த எல்லை எங்கிருந்து வந்தது என்று தேடினால், சுவடு 1980ஆம் ஆண்டின் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் செல்கிறது. ஜான் குடினஃப் குழுவினர் அங்கே லித்தியம் கோபால்ட் ஆக்சைடு என்னும் அடுக்கு அமைப்புள்ள பொருளை நேர்முனைக்குப் பயன்படுத்தினர். ஜப்பானில் அகிரா யோஷினோ அதனுடன் கரிப்பொருளாலான எதிர்முனையைச் சேர்த்தார். 1991இல் சோனி அத்தகைய மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள், அதாவது எலக்ட்ரானை இழந்த லித்தியம் அணுக்கள், ஆக்சைடின் அடுக்குகளை விட்டு வெளியேறி, மின்பகுளி என்னும் கரைசலைக் கடந்து எதிர்முனையின் கரி அடுக்குகளுக்குள் புகுகின்றன. ஏறத்தாழப் பாதி லித்தியத்துக்கு மேல் வெளியேறினால் ஆக்சைடின் கட்டமைப்பு தளர்ந்து, ஆக்சிஜன் பிரியும் அபாயம் எழுகிறது. ஆகவே அந்த எல்லை பொறியாளர் விருப்பப்படி வைத்ததன்று, பொருளே விதித்தது.

பொருள் மாறினால் எல்லையும் மாறும் என்பதைத் தேடிச் செல்லும்போது எதிர்ப்படுபவர், மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் பயின்ற தமிழர் ஆறுமுகம் மந்திரம். குடினஃபுடன் அவர் 1980களின் பிற்பகுதியில் வெளியிட்ட ஆய்வுகள், இரும்புச் சேர்மத்தில் சல்ஃபேட் போன்ற கூட்டு அயனிகளைச் சேர்த்தால் மின்னழுத்தம் உயர்ந்து 3.6 வோல்டை எட்டும் என்று காட்டின. 1997இல் குடினஃப் குழு அறிவித்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் நேர்முனைப் பொருள் இந்த வழியில் வந்ததே. 2019இல் வேதியியல் நோபல் பரிசு குடினஃப், யோஷினோ உள்ளிட்ட மூவருக்கு வழங்கப்பட்டபோது, 97 வயதான குடினஃபின் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரமே. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரசுடன் இறுகப் பிணைந்திருப்பதால் எளிதில் பிரிவதில்லை. அதனால் கைப்பேசிக்குத் தேவையான அளவு ஆற்றலைச் சிறிய இடத்தில் அடக்க முடியாவிட்டாலும், மின்சார ஆட்டோக்களிலும் சூரிய மின்சேமிப்பிலும் அது இடம்பிடித்து, ஒரு கலத்துக்குச் சுமார் 3.65 வோல்ட் என்னும் தனி எல்லைவரை மின்னேற்றப்படுகிறது.