தூங்கிய கணினியும் தொலைந்த மூன்று பெயர்களும்



கணினியைப் பற்றி எழுதத் தோட்டப் பள்ளி ஆசிரியனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். பயிற்சிக் கல்லூரியில் நான் பெற்ற சான்றிதழ் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத்தான். இயந்திரம் பழுது பார்க்க அல்ல. ஆனாலும் சூடு கண்ட பூனை என்ற முறையில் சில சொற்கள் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

கிள்ளானில் எங்கள் வீட்டில் இருப்பது பன்னிரண்டு வயதைக் கடந்த மேசைக் கணினி. மைத்துனர் வேலை செய்த அலுவலகத்தில் கழித்துவிட்டதை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 11 இந்தக் கிழட்டுப் பெட்டியை ஏற்கவில்லை. மகளின் படிப்புச் செலவுக்கு நடுவே புதியது வாங்கக் கையில் வெள்ளி ஏது? ஆகவே லினக்ஸ் போட்டுக்கொண்டேன். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கி, உலகத்தார் பலர் கூடி வளர்த்தது அது. காசு கேட்பதில்லை, பழைய பெட்டியிலும் ஓடும், தமிழும் தட்டலாம்.

வேலை பாதியில் இருக்கும்போது எழுந்து போக நேர்ந்தால் அதை உறங்க வைப்பேன். திரை அணையும், விசிறி நிற்கும். மறுபடி ஒரு பொத்தானை அழுத்தினால் விட்ட இடத்திலேயே எழும். மின்கட்டணமும் மிச்சம். இந்தச் சுகத்துக்குப் பழகிப்போனதுதான் வினையாயிற்று.

எங்கள் தோட்டத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். தொண்ணூறை எட்டும் வயது. 1943-இல் ஜப்பானியர் காலத்தில், சயாம் ரயில் பாதை போட அவருடைய தகப்பனாரை அழைத்துச் சென்றபோது பாட்டிக்கு ஏழு வயது. சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில் நம் தோட்டத்து மக்கள் எத்தனையோ பேர் மாண்ட கதை உங்கள் குடும்பங்களிலும் இருக்கும். ஒரே லயத்திலிருந்து பாட்டியின் தகப்பனாரோடு போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையில் பாட்டியின் தாயார் அவர்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் படையல் போடுவாராம். கேட்டுக் கேட்டுப் பாட்டிக்கும் மனப்பாடம்.

ஒரு சனிக்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்துவந்து, அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பதினொரு பெயர்கள். யார் யாருக்கு என்ன உறவு, யார் எந்த வெளிக்காட்டில் பால் வெட்டினார்கள் என்பதெல்லாம் வந்தன. பகல் சாப்பாட்டு வேளை. "பசிக்குது வாத்தியாரே" என்றார் பாட்டி. கணினியை உறங்க வைத்துவிட்டு எழுந்தேன். எழுதியதைச் சேமிக்கவில்லை. நான் எழுதிய எளிய நிரல் தானாகச் சேமிக்கிற வகையும் அல்ல.

சாப்பிட்டு வந்து பொத்தானை அழுத்தினேன். விசிறி சுழன்றது. விட்ட இடம் வரவில்லை. முதல்முறை முடுக்கியதுபோல் ஆதியிலிருந்து தொடங்கியது. அத்தனையும் போய்விட்டது.

பாட்டி கோபிக்கவில்லை. மறு வாரம் மறுபடி சொன்னார். எட்டுப் பெயர்கள் வந்தன. "மூணு பேரு நாக்கு நுனியில நிக்குறாங்க, வரமாட்டேங்குறாங்க வாத்தியாரே" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிற்க. உறக்கம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கணினியின் தற்காலிக நினைவகம் ஓட்டைக் குடம் போன்றது. அதில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். விநாடிக்குப் பல தடவை மறுபடி நிரப்பினால்தான் தங்கும். உறங்கும்போது மற்ற எல்லாவற்றுக்கும் மின்சாரம் நின்றாலும், பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் ஒன்று மட்டும் வந்து அந்தக் குடத்தைக் காப்பாற்றும். அது தளர்ந்தால் நினைவும் போய்விடும்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. லினக்ஸ்தான் குற்றவாளி என்று நினைத்தேன். பிள்ளை கணக்கில் தவறினால் எந்த வரியில் தவறினான் என்று பார்க்கிற நான், இதையும் அப்படியே பார்க்கத் துணிந்தேன்.

முதலில் குறிப்பேடு. கிராணி செக்ரோல் எழுதுவதுபோல் லினக்ஸ் தன் செயல்களை எழுதிவைக்கும். உறங்கப் போனதாக ஒரு வரி இருந்தது. எழுந்ததாக எதுவும் இல்லை. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. உறங்கும்போது வட்டும் நின்றுவிடுவதால், பிறகு நடப்பதை எழுத இடமில்லை.

அடுத்து, லினக்ஸிலேயே உள்ள ஒரு சோதனை. உறங்கப் போகும் வேலையை ஐந்து கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டம் வரை போய் ஐந்து விநாடி காத்துத் திரும்பச் சொல்லலாம். முதல் கட்டத்தில் நிரல்கள் உறையும்; இரண்டாவதில் கருவிகள் நிற்கும். பழைய கணினிகளில் பலவும் இந்த இரண்டாவதில்தான் இடறும். திரை அட்டை, வலை அட்டை ஆகியவற்றின் இயக்கிகளே பெரும்பாலும் காரணம். என் கணினியோ ஐந்திலும் தேறிவிட்டது.

பிறகு இலேசான உறக்கம். ஆழ்ந்த உறக்கத்துக்குப் பதிலாக, முழு மின்சாரமும் வந்துகொண்டிருக்க நாற்காலியில் கண் அயர்வது போன்ற உறக்கம் ஒன்று உண்டு. அதில் இரவு முழுதும் விட்டேன். காலையில் நன்றாக எழுந்தது. நினைவகத்தை ஓர் இரவு சோதித்தேன், பிழையில்லை. தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ பேட்டரியை மாற்றினேன், பயனில்லை.

கடைசியில் துப்பு கொடுத்தது என் மகள். "அப்பா, பென்டிரைவ், வெப்கேம் எல்லாத்தையும் கழட்டிட்டுப் பாருங்களேன்" என்றாள். கழற்றினேன், ஆழ்ந்த உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழுந்தது! மாட்டினேன், மறுபடி விழுந்தது. யூஎஸ்பி துளைகளுக்கும் உறக்க நேரத்தில் அந்த 5 வோல்ட்தான் சோறு போடுகிறது. பசி அதிகமானால் அதனால் தாங்க முடியவில்லை.

பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறு பழுதுக்கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, கடையில் இருந்த நல்ல பவர் சப்ளை ஒன்றைத் தற்காலிகமாக மாட்டினார். எல்லாக் கருவிகளையும் செருகி மூன்று முறை உறங்க வைத்தார். மூன்று முறையும் எழுந்தது. பழையதைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு மின்தேக்கிகளின் தலை ஊதிப்போயிருந்தது. "வயசாச்சு சார்" என்றார். நூறு வெள்ளிக்குச் சற்று மேல் ஆயிற்று.

வாசகர்களே, ஒன்று சொல்கிறேன்: பவர் சப்ளையை நீங்களாகத் திறக்காதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதனுள் ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். தெரிந்தவரிடம் கொடுங்கள். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். உறங்கும் கணினிக்கும் மின்சாரம் போய்க்கொண்டே இருப்பதால், இடி வருமுன் முழுதாக அணைத்துச் செருகியைக் கழற்றிவிடுங்கள். எழுந்து போகுமுன் கண்ட்ரோல் பொத்தானோடு எஸ் பொத்தானையும் அழுத்தி எழுதியதைச் சேமியுங்கள். அரை விநாடி வேலை. அந்த அரை விநாடியை நான் சோம்பியதால் மூன்று பெயர்கள் போயின. பவர் சப்ளையின் மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்க முடியாது.

இப்போது பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் எட்டுப் பெயர்களையும் மையால் எழுதியிருக்கிறேன். ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண் போட்டு மூன்று வரிகளை வெற்றாக விட்டிருக்கிறேன். சனிக்கிழமைதோறும் பாட்டியிடம் போய் எட்டையும் வாசித்துக் காட்டுகிறேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அடுத்த வாரம் வாங்க வாத்தியாரே" என்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்கக்கூடும். இந்தப் பக்கத்தை மூடியதும் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.