அவிழ்க்கத்தக்க பிணைப்பு

இறுகப் பற்றுவதே நல்ல பிணைப்பு என்பது நம்மில் ஊறிப்போன எண்ணம். கடைவாய்ப் பல்லொன்றை இழந்த எனக்குச் சென்ற ஆண்டு தாடையெலும்பில் டைட்டேனியத்தாலான செயற்கை வேர் பதித்தார்கள். எலும்பு இவ்வுலோகத்தோடு ஒன்றிவிடும் என்பதை 1950-களில் கண்ட சுவீடன் நாட்டு அறிஞர் பிரோனெமார்க், 1965-இல் முதன்முறையாக நோயாளி ஒருவருக்கு அதைப் பொருத்தினார்.

சில மாதங்களுக்குப் பின், வேரின்மீது பல்லுறையை ஒட்டும் நாள் வந்தது. "இருப்பதிலேயே வலுவான சிமெண்டால் ஒட்டிவிடுங்கள், டாக்டர்" என்றேன். "இதற்கு அது வேண்டாம், ஃபாதர்" என்று அவர் விளக்கினார்.

இயற்கைப் பல்லின் மீதுள்ள உறைக்குச் சிமெண்ட் பிடிப்பும் தரவேண்டும், சொத்தையையும் தடுக்கவேண்டும். டைட்டேனியத்திற்குச் சொத்தை இல்லை. ஆனால் உள்ளிருக்கும் திருகு ஒருநாள் தளரலாம். அப்போது உறையைக் கழற்றவேண்டும். ரெசின் சிமெண்டால் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அறுத்தே எடுக்க நேரும். கிராம்புத் தைலச் சத்து கலந்த துத்தநாக ஆக்சைடு சிமெண்டோ அளவாகப் பிடிக்கும், வேண்டும்போது விடும். உறையைத் தாங்கும் தண்டு குட்டையாயிருப்பின் மட்டும் துத்தநாக பாஸ்பேட், கிளாஸ் அயனோமர் போன்ற வலுவானவை தேவைப்படலாம்.

இதைக் கேட்டபோது எங்கள் குருசுக்குப்பத்துக் கடற்கரை நினைவுக்கு வந்தது. முன்னாளில் மீனவர் கட்டுமரத்தின் மரங்களைக் கயிற்றால் இறுகப் பிணைத்துக் கடலுக்குச் செல்வர். கரை சேர்ந்ததும் அவிழ்த்து உலர்த்துவர். ஆணியடித்து இறுக்கியிருந்தால் அது இயலுமா?

மருத்துவர் மற்றோர் எச்சரிக்கையும் தந்தார். இயற்கை வேரில் ஈற்றின் நார்கள் ஊன்றி நிற்கும். செயற்கை வேரில் அவ்வாறில்லை. ஆகவே பிதுங்கும் சிமெண்ட் ஈற்றுக்குள் ஆழமாய் இறங்கி, அழற்சியை மூட்டி, எலும்பையே கரைக்கக்கூடும். அமெரிக்க மருத்துவர் தாமஸ் வில்சன் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற வேர்களுள் 81 விழுக்காட்டில் மிஞ்சிய சிமெண்ட் காணப்பட்டது. ஒட்டிய 4 மாதங்களிலும் நோய் தோன்றியது. 9 ஆண்டுகளுக்குப் பின்னரும் தோன்றியது. சிமெண்டை அகற்றியதும் பெரும்பாலோர்க்கு நோய்க்குறிகள் மறைந்தன. துத்தநாகச் சிமெண்ட் எக்ஸ்ரேயில் தெரியும். ரெசின் வகைகள் சில தெரிவதில்லை.

ஆகவே அன்பர்களே, இச்சிகிச்சை பெறுவோர் மூன்று கேள்விகள் கேட்பது நன்று: எந்தச் சிமெண்ட்? பின்னர் உறையைக் கழற்ற இயலுமா? மிச்சம் முழுவதும் அகற்றப்பட்டதா? ஈற்றில் குருதியோ சீழோ கண்டால், ஆண்டுகள் பல ஆயினும், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.